தூணுல கட்டிப்போட்ட பினாங்கு வண்டி

என் காலு வளைஞ்ச காலு. ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு வெடக்கோழி ரெக்கை ஒரசாமப் போயிரும். பஸ் கண்டக்டர் வேலைக்கு இது ரொம்பத் தோதான காலு. ரோடு எப்படிக் குலுக்குனாலும் நான் விழ மாட்டேன், கொறடு மாதிரி கவ்விக்கிட்டு நிப்பேன். பொண்ணு பாக்கப் போன எடத்துலதான் கொஞ்சம் செரமம். ஒக்காந்தே இருந்துட்டு, அவங்க காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போற நேரம் பாத்து எந்திரிச்சு ஓடியாந்துருவேன்.

இந்தக் கால வச்சு என்னைய யாரு என்ன சொன்னாலும் நான் அவங்களுக்கு முன்னாடியே சிரிச்சிருவேன். ஒரே ஒரு தடவை சிரிக்க முடியாமப் போச்சு. இந்தக் காலக் காட்டி எங்க அக்கா பொழப்பையே முடிக்கப் பாத்தாங்க.

அக்காவக் கட்டிக் குடுத்தது கந்தர்வக்கோட்டைக்கு அங்கிட்டு, முந்திரிக்காட்டுக்கு நடுவுல ஒரு ஊரு. நான் வேலை பாத்த பஸ்ஸு புதுக்கோட்டையிலேர்ந்து கெளம்பி அந்த ஊரோட நின்னுரும். உச்சி வெயிலுக்கு அங்க போயிச் சேந்தா, எஞ்சின் ஆற, டிரைவர் தூங்கி எந்திரிக்க, சாயங்காலம் ஆயிரும். அந்த நேரத்துல நான் அக்கா வீட்டுலதான் கெடப்பேன். சோத்துக்காகத்தான் வாரேன்னு அக்கா மாமியா சொல்லும். பொய்யில்லை.

மச்சான் பினாங்குல ஒரு மளிகைக் கடையில வேலை. கல்யாணத்துக்கு வந்தவரு, அக்காவ மாசமாக்கிட்டுக் கப்பலேறிட்டாரு. புள்ளை பொறந்துச்சு, ஆம்பளைப் புள்ளை. தலை நின்னு, குப்புற விழப் பாக்குற சமயத்துல, கப்பல்ல வந்த ஊர்க்காரர் ஒருத்தரு கையில மச்சான் ஒரு வண்டி குடுத்து விட்டாரு.

அந்த வண்டியப் பாக்கணுமே. வட்டமா இரும்புக் கம்பி, நாலு பக்கமும் குட்டிச் சக்கரம், நடுவுல புள்ளை ஒக்கார கித்தான்ல சீட்டு, காலு விட ரெண்டு ஓட்டை. முன்னால ஒரு கம்பியில செவப்பு, பச்சை, மஞ்சள்னு மணி கோத்திருந்துச்சு. புள்ளை உள்ள ஒக்காந்து, கால தரையில ஊண்டித் தள்ளிக்கிட்டே போகணும், அதுக்குச் செஞ்ச வண்டி அது. சீமைக்காரன் கெட்டிக்காரன்.

ஆனா அக்கா மாமியா, எங்க அத்தை, அவனையும் விடக் கெட்டிக்காரி. வண்டி ஓடுனா சக்கரம் தேஞ்சுருமாம். செவுத்துல இடிச்சா பெயிண்டு போயிருமாம். அதனால வண்டியக் கொண்டாந்து பட்டாசாலைத் தூணுல கயித்தப் போட்டுக் கட்டிட்டாங்க. புள்ளை காலு சாணித்தரையில பட்டா அழுக்காயிருமே? கால் தொங்குற எடத்துல ஒரு எலவம்பஞ்சுத் தலகாணி. ஆச்சு. ஓடாத வண்டி, தரை படாத காலு. அதுல எம்மருமகன ஒக்கார வச்சு, இடுப்புல துணியச் சுத்தி, "பினாங்கு ராசா"ன்னு பேரும் வச்சுட்டாங்க.

காலையில அக்கா மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது ஒக்கார வச்சா, பொழுது சாயத்தான் தூக்கும். நடுவுல அக்கா தூக்குனா அத்தைக்குப் பொறுக்காது.

"எம்மகன் கடல் தாண்டி அனுப்பிச்ச சாமான். அதுல ஒக்காரக் குடுத்து வச்சிருக்கணும். ஒன் இடுப்புல என்னடி இருக்கு, வேர்வைதான இருக்கு?"

ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. வந்தவங்க எல்லாரும் மணிய உருட்டுவாங்க, கம்பியத் தடவுவாங்க, கடைசியாப் போற போக்குல புள்ளையோட கன்னத்தையும் கிள்ளுவாங்க. புள்ளை அழுகாது. மொதல்ல அழுதுச்சு, பெறகு விட்டுருச்சு. "என்னா அமைதியான புள்ளை!"ன்னு மெச்சுனாங்க. நான் பாத்த வரைக்கும் அவ்வளவு அமைதி, டிக்கெட் இல்லாம ஏறுன ஆளு மூஞ்சியிலதான் இருக்கும்.

எங்க பக்கம் நடைவண்டி கொண்டாந்து குடுக்குறது தாய்மாமன் முறை. மூணு சக்கரத்துல, கைப்பிடி போட்டு, புள்ளை நின்னு புடிச்சுத் தள்ளிக்கிட்டே நடக்குற மரவண்டி. எம்மருமகனுக்கு மாசம் பத்து வர்றப்ப நானும் ஆசாரிகிட்ட ஒண்ணு செய்யச் சொன்னேன். வாகை மரம். சாயம் பூச கையில காசு இல்லை, அதனால மரம் மரமாவே இருந்துச்சு. பஸ்ஸு கூரையில மூட்டையோட மூட்டையா ஏத்திக் கொண்டாந்து, மஞ்சத் துணி சுத்தி, வெத்தலை பாக்கோட அத்தை முன்னால வச்சேன்.

அத்தை துணிய விலக்கிப் பாத்துச்சு. ஒரு சக்கரத்தக் கால் கட்டைவெரலால உருட்டிப் பாத்துச்சு.

"ஏன் தம்பி, இது புள்ளைக்கா, இல்ல ஒனக்கா?"

"எனக்குத்தான் அத்தை. நான் இன்னும் சரியா நடக்கலைல்ல"ன்னேன்.

பட்டாசாலையில இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. அத்தையும் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே வேலைக்காரன் கிட்ட, "கோழிக்கூடு ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குதுல்ல, அதுக்கு முட்டுக் குடு"ன்னு சொல்லிருச்சு. என் சீரு அன்னைக்கே கோழிக்கூட்டுக்கு அடியில போயிருச்சு. மேலேர்ந்து கோழி அர்ச்சனை பண்ணிக்கிட்டே இருந்துச்சு.

வருஷம் ஒண்ணாச்சு, அதுக்கு மேலயும் ஆச்சு. புள்ளை தவழலை. எந்திரிச்சு நிக்கலை. தரையில வச்சா ஒக்காரக்கூட இடுப்பு நிக்காம ஒரு பக்கமாச் சாஞ்சுரும். காலு ரெண்டும் வாடுன முருங்கைக்கா மாதிரி தொங்கும். கொளத்தங்கரையில பொம்பளைங்க பேச ஆரம்பிச்சாங்க. "காலு வெளங்கலை போலருக்கே."

அந்தப் பேச்சு அத்தை காதுக்கு வந்த நேரத்துல, மச்சான் வைகாசியில லீவுல வாராருன்னும் சேதி வந்துச்சு. நான் அன்னைக்கு எலையில ஒக்காந்திருக்கேன். அத்தை ரசத்த ஊத்திக்கிட்டே, ஊருக்கு மழை வரும்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு.

"தம்பி, வெளிப்படையாச் சொல்லிடுறேன், மனசுல வச்சுக்காத. எம்மகன் வந்து எறங்குற அன்னைக்கு இவன் நடக்கணும். நடக்கலைன்னா ஒங்கக்காள ஒங்க பஸ்ஸுலயே ஏத்திக்கிட்டுப் போயிரு. டிக்கெட்டு கூட ஒனக்கு வேணாம்ல."

"என்னத்தை இப்படி..."

"பின்ன? எங்க வம்சத்துல காலு வெளங்காதவன் யாரு இருக்கா? ஒங்க வம்சத்துல இருக்கு. எலைக்கு முன்னாலயே ஒக்காந்திருக்கு."

எங்காலப் பாத்துச்சு. நானும் பாத்தேன். எந்தக் கூட்டத்துலயும் கால மடக்கி ஒளிக்கத் தெரிஞ்சவன், அன்னைக்குச் சம்மணம் போட்டு ஒக்காந்திருந்தும் ஒளிக்க எடமில்லை.

மச்சானுக்கு அடுத்த பொண்ணையும் அத்தை பாத்து வச்சிருச்சு. வெளியில போகக்கூட வேணாம், சொந்த அண்ணன் மக, அடுத்த தெரு. வாட்டசாட்டமான பொண்ணு. தெனம் வந்து அத்தைக்குத் தலை சீவி விடும், போறப்ப அக்கா கோலத்த ஒரு பார்வை பாத்துட்டுப் போகும்.

அப்பறம் அத்தை வைத்தியத்துல எறங்குச்சு. வண்டியில ஒரு கொறை இருக்கும்னு அதுக்குத் தோணவே இல்லை. பினாங்கு சாமான்ல கொறை இருக்குமா? கொறை புள்ளை காலுலதான். யாரோ சொன்னாங்களாம்: ஆத்து மணலக் கொட்டி, குழி பறிச்சு, புள்ளைய இடுப்பு வரைக்கும் நிக்க வச்சு மூடுனா, சூட்டுக்குக் கால் வலுக்கும்னு.

நான் பஸ்ஸ விட்டு எறங்கி வாரேன், வாசல்ல மணலுக்குள்ள எம்மருமகன் பாதி ஆளா நிக்கிறான். வெயிலு ஏறிருச்சு. அழுது அழுது தொண்டை கட்டி, வாயி மட்டும் தெறந்து மூடுது, சத்தம் வரலை. பக்கத்துல முக்காலி போட்டு, கொடையப் புடிச்சுக்கிட்டு அந்த அண்ணன் மக ஒக்காந்திருக்கு. கொடை புள்ளைக்கு இல்லை, அதுக்குத்தான். அக்கா வந்து தூக்கிறக் கூடாதுன்னு காவலாம். அக்கா நெலைவாசலப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

வாயி சும்மா இருக்குமா எனக்கு? "என்னத்தை, நாத்து நட்டுட்டீங்க போலருக்கு? எப்ப அறுப்பு?"ன்னு கேட்டேன்.

அண்ணன் மக கொடை ஆட ஆடச் சிரிச்சுச்சு. நான் சொன்ன நகைச்சுவைக்கு அந்த ஊருல மனசு விட்டுச் சிரிச்ச ஒரே ஆளு அதுதான். அக்கா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு.

நான் குனிஞ்சு மணலக் கிளறப் போனேன். அத்தை கைத்தடியால என் முழங்கையில ஒரு தட்டு. "ஒனக்கும் சேத்து ஒரு குழி வெட்டவா? வளைஞ்சது நிமிந்தாலும் நிமிரும்."

அன்னைக்கு வேப்பமர நெழல் வாசலுக்கு வர்ற வரைக்கும் புள்ளை மண்ணுலதான் நின்னான். பெறகு தூக்கிக் கழுவி, தொடையெல்லாம் செவந்து கெடக்க, திரும்பவும் வண்டியில ஒக்கார வச்சு, கயித்த இறுக்கிட்டாங்க.

நான் பஸ்ஸுக்குத் திரும்பும்போது அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி பின்னாலயே வந்துச்சு.

"டேய், நாளைக்கு அத்தை தூங்குறப்ப, கோழிக்கூட்டுக்கு ஒரு கல்ல முட்டுக் குடுத்துட்டு அந்த வண்டிய உருவு."

"அதுல கோழி..."

"நான் கழுவிக்கிறேன்."

அத்தைக்கு ஒரு நல்ல கொணம் உண்டு. மதியம் சாப்பிட்டுப் படுத்தா, பஸ்ஸு கெளம்புற ஹாரன் கேட்டாத்தான் முழிக்கும். ஹாரன் எங்க கையில இருந்துச்சு. அந்த ஒரு விசயத்துலதான் எங்க பக்கம் கொஞ்சம் பலம்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால, வைக்கோப் போருக்கு மறைவுல, அக்கா ஒரு பழைய கோரைப்பாய விரிச்சு எம்மருமகனக் குப்புறப் போட்டுச்சு. மொத நாளு அவன் மூஞ்சிய பாயிலயே வச்சுக்கிட்டுக் கெடந்தான். தூக்கத் தெரியலை. கை எதுக்கு இருக்குன்னே தெரியலை. அக்கா அவன் நெஞ்சுக்கு அடியில சுருட்டுன சேலைய வச்சு, முன்னால வெங்கலக் கிண்ணத்துல புளியங்கொட்டையப் போட்டு ஆட்டுச்சு. அவன் தலைய ஒரு சாண் தூக்கிட்டு, பொத்துன்னு விட்டுட்டான். "எந்திரிடா ராசா, எந்திரி"ன்னு அக்கா கெஞ்சுறது, படுத்த மாட்டக் கெளப்புற மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அக்காவுக்கு வரலை.

நான் டிப்போவுலேர்ந்து கிழிஞ்சுபோன ஒரு ஹாரன் உருண்டையக் கொண்டாந்தேன். பஸ்ஸுக்கு வெளியில மாட்டியிருப்பாங்களே, அமுக்குனா பாம்னு கத்துற ரப்பர் உருண்டை. கிழிஞ்சதால அது கத்தாது, எருமை பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். அவனுக்கு அது புடிச்சுப்போச்சு. கைக்கெட்டாத தூரத்துல வச்சா, அதப் பாத்துப் பாத்து வயித்தால நீந்துனான். பெறகு முட்டி போட்டான். கோழிக்குஞ்சு அந்தப் பக்கமாப் போனா அதையும் வெரட்டுனான். முட்டியெல்லாம் செராச்சு ரத்தம். அக்கா அந்த ரத்தத்தப் பாத்துச் சந்தோசப்பட்டுச்சு. கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க.

சாயங்காலம் அத்தை கண்ணுல படாம இருக்க, முட்டியில வெளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, துணியச் சுத்தி மறைச்சு, வண்டியில திரும்பவும் கட்டிப்போட்டுரும். அவன் அப்ப அழுதான். கத்துனான். தொண்டை கிழியக் கத்துனான். "அமைதியான புள்ளையா இருந்தான், மணல் வைத்தியத்துல உசுரு வந்துருச்சு"ன்னு அத்தை ஊருக்கெல்லாம் சொல்லுச்சு. அதனால மணலும் நிக்கலை. காலையில குழி, மத்தியானம் பாயி, சாயங்காலம் தூணு. எம்மருமகனுக்கு அந்த வயசுலயே ஷிஃப்ட் வேலை.

நடைவண்டியில மொத தடவை நிக்க வச்சப்ப அது முன்னால ஓடிருச்சு. இவன் பின்னால மூஞ்சி குப்புற. ஒதட்டுல பல்லு குத்திருச்சு. அக்கா முந்தானைய அவன் வாயில வச்சுச் சத்தம் வெளிய வராம அமுக்குச்சு, ரெத்தத்துக்காக இல்லை, அத்தை காதுக்காக. அடுத்த நாளு வண்டிக் கட்டையில ஒரு அம்மிக் குழவிய வச்சுக் கட்டுச்சு. கனத்துக்கு வண்டி ஓடலை. அவன் தள்ளுனாத்தான் நகந்துச்சு. தள்ளுனான். பல்லக் கடிச்சுக்கிட்டு, மூணு ஆளு தள்ளுற பஸ்ஸ ஒத்த ஆளாத் தள்ளுற மாதிரி தள்ளுனான்.

வைகாசி வந்துச்சு. மச்சான் எங்க பஸ்ஸுலதான் வந்தாரு. கோட்டு, தொப்பி, ரெண்டு தகரப்பெட்டி. எனக்கு டிக்கெட்டு கிழிக்கக் கை ஓடலை. வழியில ஒரே கேள்விதான் கேட்டாரு: "வண்டி எப்படி இருக்கு? துரு ஏறலையே?"

அத்தை பட்டாசாலைய மெழுகி, வண்டியத் தொடைச்சு, பேரனுக்குச் சட்டை மாட்டி ஒக்கார வச்சிருந்துச்சு. அண்ணன் மகளும் பட்டுப் பாவாடை தாவணியோட, தண்ணிச் சொம்பு எடுத்துக்கிட்டு தயாரா நிக்கிது. மச்சானுக்கு மொதத் தண்ணி அதுதான் குடுத்துச்சு. அக்கா கதவுக்குப் பின்னால.

"ராசா, ஒங்கப்பனப் பாருடா, எந்திரிச்சு வாடா"ன்னு அத்தை கூப்பிட்டுச்சு. குரலு தேனா இருந்துச்சு. இடுப்புத் துணிய அவுக்கவே இல்லை. கட்டிப்போட்டுக்கிட்டு வாடான்னா எப்படி வருவான்? அப்பறம் மகன் பக்கம் திரும்பி, "நான் என்னத்தச் சொல்ல, அவங்க வம்சம் அப்படி"ன்னு ஆரம்பிச்சுச்சு.

அக்கா வெளிய வந்துச்சு. யாரையும் பாக்கலை. நேரா வந்து துணிய அவுத்து, புள்ளையத் தூக்கித் தரையில நிறுத்திட்டு, கையெடுத்துருச்சு.

அவன் ஆடுனான். ஒரு பக்கமாச் சாஞ்சான். அண்ணன் மக சொம்ப இறுக்கிப் புடிச்சுச்சு. நான் என்ன செய்யிறதுன்னு தெரியாம, தோள் பையில கெடந்த கிழிஞ்ச உருண்டைய அமுக்கிட்டேன். எருமை பெருமூச்சு விட்டுச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே நடந்து வந்தான். அப்பன்காரரு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, அவரத் தாண்டி எங்கிட்ட வந்து, எங்காலு ரெண்டுக்கும் நடுவுல பூந்துட்டான். எடம் தாராளமா இருந்துச்சுல்ல.

எல்லாரும் அத்தையப் பாத்தோம். அத்தை மூச்சு விடுற நேரம்கூட எடுத்துக்கலை.

"பாத்தியாடா! பாத்தியா! ஒன் வண்டி நடக்க வச்சிருச்சுடா!"

மச்சான் மொகம் மலந்துருச்சு. வண்டிக் கம்பியத் தடவிக் குடுத்தாரு. நான் வாயத் தெறந்தேன். அக்கா என் கையப் புடிச்சு நகம் பதியக் கிள்ளுச்சு. சொன்னா என்ன ஆகும்? மாமியா பேச்ச மீறி, திருட்டுத்தனமா, கோழிக்கூட்டு வண்டியில புள்ளைய நடக்க விட்டவள்னு ஆகும். அக்கா அந்த வீட்டுலயே இருந்துச்சு. நடைவண்டி திரும்பவும் கூட்டுக்கு அடியில போச்சு. குழவி அம்மிக்குப் போச்சு.

அடுத்த வருஷமே அந்த அண்ணன் மகளுக்கு அதே தெருவுல ஒரு மாப்பிள்ளை பாத்துக் கட்டி வச்சாங்க. அதுக்கும் ஒரு புள்ளை பொறந்துச்சு. ஒருநாளு மதியம், நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நிக்கிது. அப்பல்லாம் அது கோலத்த அப்படிப் பாக்குறதில்லை, அக்காவ அக்கான்னு வாய் நெறையக் கூப்பிடும்.

"யக்கா, அந்தப் பினாங்கு வண்டிய ஒரு வருஷத்துக்குக் குடுங்கக்கா. ஒங்க பய அதுல ஒக்காந்துதான நடந்தான்?"

அக்கா கை கழுவிட்டுப் பரண்லேர்ந்து வண்டிய எறக்குச்சு. மணியெல்லாம் அப்படியே இருந்துச்சு. தூசி தட்டிக் குடுத்துச்சு. அந்தப் பொண்ணு வண்டிய உருட்டிப் பாத்துச்சு. சக்கரம் சருக்குனு ஓடுச்சு. கம்பியில இன்னும் அந்தக் கயிறு தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"இந்தக் கயித்த அவுத்துறவாக்கா? ஓடத்தான சக்கரம் வச்சிருக்கான்?"

நான் எலையிலேர்ந்து தலையத் தூக்குனேன். அன்னைக்குக் கொடைக்குக் கீழ இருந்த மொகத்த நெனச்சேன், இதையும் பாத்தேன். இடுப்புல இருக்குற புள்ளை என்னையப் பாத்துக் கால ஆட்டுச்சு. கொழுகொழுன்னு காலு.

அக்கா ரொம்ப நேரம் யோசிச்ச மாதிரி தெரியலை.

"அவுத்துறாதடி"ன்னு சொல்லுச்சு. "தூணுல நல்லா இறுக்கிக் கட்டு. காலுக்குக் கீழ ஒரு தலகாணி வையி. அத்தைகிட்டக் கேட்டுப் பாரு, எப்படி வைக்கணும்னு சொல்லிக் குடுக்கும்."

அந்தப் பொண்ணு அக்கா கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, வண்டியத் தலையில வச்சுக்கிட்டுப் போச்சு. மணி குலுங்குற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

"யக்கா..."ன்னேன்.

"மோரு ஊத்தவா?"ன்னு கேட்டுச்சு அக்கா.

ஊத்திக்கிட்டேன். பெறகு வந்த வெயில் காலத்துல, பஸ்ஸு அந்தத் தெருவழியா ஊருக்குள்ள திரும்பும்போது, டிரைவர் பிரேக் போட்டாரு. எதுத்தாப்புல ஒரு மாட்டு வண்டி நின்னுக்கிட்டு வழிய அடைச்சிருச்சு. அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல ஆத்து மணல் எறக்கிக்கிட்டு இருந்தாங்க.